ஐநூறு யூனிட்டுக்கு ஒரு யூனிட்

போன வருஷம் ஜூலை கடைசியில ஹெச்.எம் கூப்பிட்டு ஒரு தாள் குடுத்தாரு. ஒன்பதாம் கிளாஸுக்கு ப்ராஜெக்ட்டாம். "உங்கள் பகுதியிலுள்ள ஆற்றல் மூலங்கள், அவை தரும் வேலைவாய்ப்பு, சுற்றுச்சூழல் தாக்கம்"னு மூணு கட்டம் போட்ட ஃபாரம், ஒரே பக்கம். 41 ஜெராக்ஸ் எடுத்து பசங்களுக்குக் குடுத்தேன். ரெண்டு பீரியடு வேலை, வெள்ளிக்கிழமை வாங்கிக் கட்டி பீரோவுல போட்டுடலாம்னுதான் நெனச்சேன், பொய் சொல்லல. அது என்னடான்னா தீபாவளி தாண்டியும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, இன்னும்கூட ஒரு சார்ட்டு லேப்ல தொங்குது, அதப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

மொத நாள் சும்மா கேட்டேன், நம்ம வூட்டுக்கு கரண்ட் எங்கேருந்து வருது? பின்னாடி பெஞ்சுலேருந்து "போஸ்ட்டுலேருந்து மிஸ்". கிளாஸே சிரிச்சுது. அப்பறம் மீதி எல்லாரும் ஒரே குரல்ல "நெய்வேலி". கடலூர் மாவட்டத்துப் புள்ளைங்ககிட்ட வேற பதில எதிர்பாக்க முடியாது. பாதிப் பேருக்கு அங்க ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருப்பாங்க, மீதிப் பாதிக்கு அங்க கல்யாணம் கட்டிப்போன அத்தை இருப்பாங்க. நான் திருத்துனேன், நெய்வேலில எடுக்குற கரண்ட்டு நேரா நம்ம தெருவுக்கு வராது, அது தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரின்னு பிரிஞ்சு போகுது, எல்லா கரண்ட்டும் ஒரே கிரிட்ல கலந்துடும், ஏரியில நீ ஒரு குடம் ஊத்துனா அந்தத் தண்ணிதான் உன் மடைக்கு வந்துச்சான்னு கண்டுபிடிக்க முடியுமா, அந்த மாதிரி. ஒரு பையன் கேட்டான், "அப்ப பாண்டிக்காரங்களும் நம்ம ஊரு கரண்ட்டத்தான் யூஸ் பண்றாங்களா?" ஆமாடா, அவங்களுக்குன்னு சொந்தமா இருக்குறது காரைக்கால் பக்கத்துல 32.5 மெகாவாட் கேஸ் பிளாண்ட்டு ஒன்னுதான், மீதில பெரும்பங்கு மத்திய அரசு மின்நிலையங்கள்ல இருந்து வாங்குறது, அதுல நெய்வேலியும் உண்டு. முத்தியால்பேட்டைல இருக்குற என் சித்தி பையன் எப்பப் பாத்தாலும் "எங்க ஊருல கரண்ட்டே போவாதுக்கா"ன்னு பீத்திக்குவான், அவனுக்கு இந்தத் தகவல அன்னிக்கே வாட்ஸப்ல அனுப்பிட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

ஃபாரம் திரும்பி வந்தப்பதான் கதை ஆரம்பிச்சுது. முப்பது பேர் அச்சு அசலா ஒரே மாதிரி, "நிலக்கரி, வேலை கிடைக்கும், புகை வரும்". ஒருத்தன் எழுதுனத மத்தவன் பாத்து எழுதியிருக்கான், அது பரவால்ல. மீதி பதினோரு பேரோடதுதான் என்ன தூங்க விடல.

தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருத்தன் நெய்வேலின்னே எழுதல. டீசல்னு எழுதியிருந்தான். போட்டுக்கு டீசல், மீனுக்கு ஐஸ், ஐஸுக்கு கரண்ட்டு, இதான் அவன் வரிசை. வேலைவாய்ப்புக் கட்டத்துல அப்பா, ரெண்டு சித்தப்பா, ஐஸ் ஒடைக்கிற அண்ணன், ஏலம் விடுறவர், கூடை தூக்குற ஆயா, எல்லாரையும் எழுதி இடம் பத்தாம பின்பக்கம் வரைக்கும் போயிட்டான். தாக்கம்ங்குற கட்டத்துல, "மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் டீசல் எரியாது, புகை இல்லை, வீட்டில் அடுப்பும் சரியாக எரியாது"ன்னு ஒரே வரி. நான் மொதல்ல கேள்விக்குப் பொருந்தலன்னு சிவப்பு மைல கோடு போட்டேன். ராத்திரி படுத்தப்பறம்தான் உறைச்சுது, அந்த மூணு கட்டத்தையும் ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டு எழுதுனவன் அவன் ஒருத்தன்தான். அப்பவே எழுந்து போயி கோட்ட அழிக்கவா முடியும், மறுநாள் பக்கத்துலயே ஒரு டிக்கு போட்டேன்.

இன்னொரு பொண்ணு, ரெட்டை ஜடை, வாயத் தொறந்தா முத்து உதிரும்னு நாங்க ஸ்டாஃப் ரூம்ல கிண்டல் பண்ணுவோம், அவ்ளோ அமைதி. அது முந்திரி ஓடுன்னு எழுதியிருந்துச்சு. பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை ஒடைக்கிற வேலை எப்படின்னு தெரியாதவங்களுக்கு: கொட்டைய வறுத்தோ அவிச்சோ ஒடைச்சு பருப்ப எடுப்பாங்க, அந்த ஓட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு, கையில பட்டா தோலு கருத்து உரிஞ்சு போகும், சாம்பல பூசிக்கிட்டுத்தான் ஒடைப்பாங்க. மிஞ்சுற ஓடு நல்லா எரியும், செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் லோடு லோடா போகுது. அதாவது அந்தப் பொண்ணோட அம்மா பருப்புக் கம்பெனில வேலை செய்யுறதா நாம நெனச்சா, பொண்ணு அத எரிபொருள் வேலைன்னு எழுதியிருக்கு. தாக்கம்: "அம்மா கை". அவ்ளோதான். வேற ஒன்னும் இல்ல. நானும் அந்தக் கட்டத்துல ஒன்னும் திருத்தல.

நெல்லிக்குப்பத்துலேருந்து வர்ற பையன் கரும்புச் சக்கை எழுதுனான், ஆலைல சாறு புழிஞ்சு எடுத்த சக்கையவே பாய்லர்ல போட்டு நீராவி எடுத்து, அதுல டர்பைன் சுத்தி, ஆலைக்கு வேண்டிய கரண்ட்ட எடுத்துக்கிட்டு மிச்சத்த கிரிட்டுக்கே விக்கிறாங்க. சீசன்ல பஸ்ஸுல அந்தப் பக்கம் போனா ஒரு பாகு வாசனை வரும் பாருங்க, சின்ன வயசுலேருந்து எனக்கு அது ஸ்கூல் லீவு முடியுற வாசனை. இன்னும் ரெண்டு பேர் சவுக்கு. ஒருத்தன் சிலிண்டர். ஒரு பொண்ணு "எங்க ஆயா வரட்டி தட்டும்"னு.

அப்பத்தான் முடிவு பண்ணேன், சரி, இத ஒழுங்கா பண்ணிடுவோம்னு.

அடுத்த வாரம் எல்லாரும் அவங்கவங்க வூட்டு ஈ.பி கார்டு கொண்டு வரணும்னு சொன்னேன். இப்ப பாதி வூட்டுல கார்டு இல்ல, மெசேஜ்தான் வருது, அம்மா போனத் தூக்கிக்கிட்டு வந்தவங்களும் உண்டு. ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட்டு ஃப்ரீங்குறதால நெறைய பசங்களுக்கு கரண்ட்டுன்னா காத்து மாதிரி சும்மா வர்றதுன்னுதான் நெனப்பு. அதுக்குத்தான் கணக்கு போட்டோம். நெய்வேலி பழுப்பு நிலக்கரில ஒரு யூனிட் கரண்ட் எடுக்க சுமாரா ஒரு கிலோ, இல்ல கொஞ்சம் மேல எரிக்கணும். ஏன் அவ்ளோன்னா அது நல்ல கரி இல்ல, தோண்டி எடுக்குறப்ப பாதிக்குப் பாதி தண்ணி. இத நான் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு, ஒரு பையன் அவன் மாமா வூட்டு ஷோகேஸ்ல ஈரத்துணி சுத்தி வச்சிருந்த ஒரு கட்டியக் கொண்டாந்தான் (அத யாரு ஷோகேஸ்ல வைப்பாங்கன்னு கேக்காதீங்க, எங்க மாவட்டத்துல வைப்பாங்க). லேப் தராசுல 412 கிராம். ஜன்னல்ல வெயில்ல வச்சோம். மூணு வாரம் கழிச்சு 268. அங்கங்க வெடிச்சு, தொட்டா உதுந்துச்சு. கூர்ந்து பாத்தா மரத்தோட நாரு மாதிரி கோடு தெரிஞ்சுது. ஆமா, மரம்தான் அது. கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி இங்க இருந்த காடு. அதே கடலூர் மணற்பாறை அடுக்குல திருவக்கரைல கிடக்குற மரம் கல்லாயிடுச்சு, நெய்வேலில பொதைஞ்சது கரியாயிடுச்சு. திருவக்கரை கல்மரத்த பிக்னிக்ல பாத்த பசங்க நெறைய பேர், ரெண்டும் ஒரே மண்ணு கதைன்னு சொன்னப்ப வாயப் பொளந்தாங்க.

சரி, கணக்குக்கு வர்றேன். அந்தக் கரில ஒரு டன் எடுக்கணும்னா மேல மூடியிருக்குற மண்ண அஞ்சு அஞ்சரை கன மீட்டர் எடுத்துப் போடணும். ஒரு வூட்டுக்கு 500 யூனிட்டுன்னா அரை டன் கரி, அரை டன் கரிக்கு ரெண்டே முக்கால் கன மீட்டர் மண்ணு. இத போர்டுல எழுதிட்டு, எவ்ளோன்னு கண்ணுல படுற மாதிரி சொல்லத் தெரியாம நான் கைய விரிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன். டிப்பர் ஓட்டுறவர் பையன் ஒருத்தன், கணக்குல எப்பவும் பார்டர்ல பாஸ் பண்றவன், எழுந்து "கன அடில எவ்ளோ மிஸ்?"னு கேட்டான். பெருக்கிப் பாத்தேன், 97. "அது ஒரு யூனிட்டு மிஸ்!"ன்னான். கட்டட வேலைக்கு மணலு வாங்குறவங்களுக்குத் தெரியும், நூறு கன அடி ஒரு யூனிட்டு. ஐநூறு யூனிட்டு கரண்ட்டுக்கு ஒரு யூனிட்டு மண்ணு. நான் எம்.எஸ்சி படிச்சு பி.எட் படிச்சு இருபது வருஷமா பாடம் எடுக்குறேன், இது எனக்குத் தோணல. இது முழுக்க நெய்வேலிக் கரியிலேயே எடுத்தான்னு வச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு, நெஜத்துல நம்ம வூட்டு கரண்ட்டுல காத்தாலை, அணு, சோலார், தண்ணி எல்லாம் கலந்திருக்குன்னு அப்பறம் சொன்னேன்தான், ஆனா அன்னிலேருந்து அந்தக் கிளாஸ்ல ஃபேன் சுவிட்ச்ச அணைக்கலன்னா "ஏய் ஒரு கூடை மண்ணு போச்சு பாரு"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. கார்பன் டை ஆக்சைடும் யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல வருதுன்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு பசங்ககிட்ட மதிப்பில்ல.

செப்டம்பர்ல ஒரு சனிக்கிழம வேன் வச்சுக்கிட்டுக் கெளம்புனோம். சுரங்கத்துக்கு உள்ள போக எழுதிப் போட்டிருந்தோம், எங்க தேதி ஒத்து வரல, பரவால்ல வெளியிலேருந்தாவது பாக்கலாம்னு. கடலூர், குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர். வடலூர்ல எறங்காமப் போனா பாவம், அதுவும் ஆற்றல் மூலம்தானேன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். வள்ளலார் 1867ல ஏத்துன அடுப்பு, அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் அணையல, பசின்னு வந்தவங்களுக்கு சோறு. பசங்க சாப்புட்டாங்க. எல்லாரும் சாப்புட்டதப் பத்தி பேசிக்கிட்டு வர்றப்ப டீசல் பையன் மட்டும், "மிஸ், விறகு யாரு குடுக்குறா?"ன்னு கேட்டான். ஜனங்க குடுக்குறாங்கடா, அரிசி குடுக்குற மாதிரியே. "அப்ப அது வேலைவாய்ப்பா தர்மமா, எந்தக் கட்டத்துல எழுதுறது?" போய் உக்காருடான்னுட்டேன்.

வடலூர் தாண்டி கொஞ்ச தூரத்துல "மிஸ் மலை, மலை"ன்னு ஒரே சத்தம். எங்க ஊரு தட்டையான ஊரு. கடலூருக்கு மேற்க கேப்பர் மலைன்னு ஒன்னு இருக்கு, அத மலைன்னு சொன்னா சேலத்துக்காரங்க சிரிப்பாங்க. அதனால பசங்களுக்கு அது பெரிய விஷயம். டிரைவர் அண்ணன் கண்ணாடியிலேயே பாத்துட்டு, "அது மலை இல்லம்மா, குழிலேருந்து எடுத்த மண்ணு, அம்பது அறுவது வருஷமா கொட்டுறது, மேல மரம் நட்டுருக்காங்க"ன்னாரு. டிப்பர் பையன் ஜன்னல்ல மூஞ்சிய ஒட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தான். எத்தன யூனிட்டுன்னு மனசுல போட்டிருப்பான்.

மந்தாரக்குப்பத்துல டீக்கடைல நிறுத்துனோம். அங்க வச்சுத்தான் பழைய கதைய சொன்னேன். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார்னு ஒருத்தர் தன் நிலத்துல தண்ணிக்குக் குழாய் எறக்குறப்ப கறுப்பா ஏதோ வந்துச்சு, அங்கேருந்துதான் எல்லாம். 1956ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையத் தொடங்கி வச்சாரு, சோவியத் உதவியோட மொத அனல்மின் நிலையம் 1962ல ஓட ஆரம்பிச்சுது. ஒன்பது மெஷினு, மொத்தம் 600 மெகாவாட். அத 2020 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க. இப்ப புதுசா கட்டுனதுல ரெண்டே மெஷினு, 1000 மெகாவாட். ஒன்பது மெஷின் பண்ணுன வேலைய விட ரெண்டு மெஷின் ஜாஸ்தி பண்ணுது. அமைதியான பொண்ணு, அதுவரைக்கும் டீ கிளாஸையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, "அப்ப ஒன்பது மெஷினு பாத்துக்கிட்டவங்க?"ன்னுச்சு. பாருங்க, ஃபாரம்ல வேலைவாய்ப்புன்னு ஒரு கட்டம் இருக்கே ஒழிய, வேலை எந்தப் பக்கமா போகுதுன்னு கேக்குற கட்டம் இல்ல.

வேலைன்னு சொன்னதும் இன்னொன்னு. முப்பது பேர்ல ஒருத்தன், அப்பா வேலைன்னு கேட்ட இடத்துல "சுரங்கம்"னு எழுதியிருந்தான், கொஞ்சம் பெருமையா ரெண்டு தடவ கோடு போட்டு. ஊருக்குள்ள சுரங்கத்துல வேலைன்னா அதுக்கு ஒரு மரியாதை, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, போனஸ், பொண்ணு குடுக்க வரிசைல நிப்பாங்க. ஆனா அந்த மரியாதை பெர்மனென்ட் ஆளுக்கு. அதுக்குக் கீழ சொசைட்டி, அதாவது கூட்டுறவு சங்கம் வழியா வேலைக்கு வர்றவங்க, அதுக்கும் கீழ காண்ட்ராக்ட்டு. மூணு பேரும் ஒரே கேட்டுல நொழைஞ்சு ஒரே குழில வேலை பாப்பாங்க, ஒரே தூசிதான், சம்பளம்தான் வேற வேற. வேன்ல திரும்பி வர்றப்ப அவன் என் பக்கத்துல வந்து உக்காந்து, மெதுவா, "மிஸ் அத மாத்திக்கட்டுமா, அப்பா காண்ட்ராக்ட்டு"ன்னான். மாத்த வேணாம்டா பக்கத்துல எழுதுன்னேன். அப்பறம் அவனே சொன்னான், பெல்ட்டுக்கு அடியில சிந்துற மண்ண வழிச்சுப் போடுற வேலை, கன்வேயர் பெல்ட்டு கிலோமீட்டர் கணக்குல ஓடும், மழைக்காலத்துல மண்ணு சேறாயி பெல்ட்டுல ஒட்டிக்கும், அப்பதான் ஆளு ஜாஸ்தி எடுப்பாங்கன்னு.

சேத்தியாத்தோப்பு பக்கத்து ஊருலேருந்து வந்து இங்க அத்தை வூட்டுல தங்கிப் படிக்கிற ஒரு பொண்ணு இருக்கு. அது எழுதுன தாக்கம் கட்டம்தான் கிளாஸ்ல பெரிய சண்டையக் கெளப்புச்சு. "தாத்தா காலத்தில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கும், இப்போது மோட்டார்." சுரங்கத்துக்குக் கீழ ஆர்ட்டீசியன் ஊத்து இருக்கு, அழுத்தத்துல நிக்கிற தண்ணி, அத எறைக்காம விட்டா குழியோட தரையே பொத்துக்கிட்டு மேல வந்துடும், அதனால ராப்பகலா எறைச்சுக்கிட்டே இருக்கணும். இத நான் சொன்னதும், அந்தப் பொண்ணு போர்டுக்கு வந்து ஒரு வட்டம் போட்டுச்சு: கரி எடுக்கத் தண்ணி எறைக்கிறாங்க, தண்ணி கீழ போகுது, தாத்தா போர இன்னும் ஆழமா போடுறாரு, பெரிய மோட்டார் மாட்டுறாரு, மோட்டாருக்கு ஃப்ரீ கரண்ட்டு, அந்த கரண்ட்டுக்கு கரி. சுத்தி வந்து ஆரம்பிச்ச எடத்துலயே நிக்குது. டிப்பர் பையன் ஒத்துக்கல, "அப்ப ஊருல எல்லாரும் போட்ட போரு? அது தண்ணி குடிக்காதா?" அதுவும் சரிதான், சுரங்கம் மட்டும்தான் காரணம்னு அந்த வட்டத்த வச்சு சொல்லிட முடியாது. அப்பறம் சுரங்கத் தண்ணிதான் வாலாஜா ஏரிக்குப் போகுது, அத நம்பி நடவு போடுறவங்களும் இருக்காங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சு, "எங்க பெரியப்பா கொல்லை அந்தப் பாசனம்தான்". ஒரே குடும்பத்துல தாத்தாவுக்கு ஒரு கட்டம், பெரியப்பாவுக்கு வேற கட்டம்.

2023 ஜூலைல வளையமாதேவில என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் டிவில பாத்திருப்பீங்க. நெய்வேலி சுரங்கத்துக்காக பரவனாறு வாய்க்கால திருப்பி விடணும்னு, கதிரு வர்ற நேரத்துல நெல்லுப் பயிர்ல மெஷின் எறங்குச்சு. நிலம் எப்பவோ எடுத்தது, பணம் குடுத்தாச்சுன்னு ஒரு பக்கம், வெளையுற வரைக்கும் பொறுக்கக் கூடாதான்னு ஒரு பக்கம். ஐகோர்ட்டு கடைசில பயிருக்கு ஏக்கருக்கு 40,000 குடுக்கச் சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்கு அப்ப எட்டாம் கிளாஸ் கூட இல்ல, ஆனா அந்த நெல்லு எந்த ரகம், நட்டு எத்தன நாள்னு எல்லாம் சொல்லுச்சு. எனக்கு நியூஸ்ல கேட்ட 40,000 மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. எனக்கு இதுல ஒரு பக்கம்னு கேட்டா, பச்சைப் பயிருல மெஷின் எறக்குனத எந்தக் கணக்க வச்சும் என்னால சரின்னு சொல்ல முடியாது, கிளாஸ்லயும் அதத்தான் சொன்னேன், டீச்சர் நடுநிலையா இருக்கணும்னு யாராவது கமெண்ட் போட்டா போட்டுக்கோங்க.

அப்ப சோலார் போட்டுட்டா தீந்துச்சுல்லன்னு ஒரு நாள் பேச்சு வந்துச்சு. எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் ஐ.டி.ஐ முடிச்சுட்டு இப்ப கடலூர், பாண்டி ரெண்டு பக்கமும் மொட்டைமாடில பேனல் மாட்டுறான், அவனையே கிளாஸுக்குக் கூப்பிட்டேன். 2024ல வந்த சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் வர்றதால இப்ப வேலைக்குப் பஞ்சமில்லன்னான். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட்டு, கடலோரத்துல உப்புக்காத்துல ஸ்டாண்டு துரு பிடிக்கும், அதனால நல்ல ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) போடணும், மழைக்கு முன்னாடி போல்ட்டு செக் பண்ணணும், தானே மாதிரி ஒன்னு வந்தா பேனல் பட்டம் மாதிரி பறக்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30, அப்ப இந்தப் பசங்க கைக்குழந்தை, இல்ல பொறக்கவே இல்ல. எங்க தெருவுல 19 நாள் கரண்ட் இல்ல. நாட்டுக்கே கரண்ட் குடுக்குற மாவட்டத்துல 19 நாள் மெழுகுவத்தி. அத சொன்னா கதை விடுறேன்னு நெனக்கிறாங்க. பண்ருட்டி பக்கம் அப்ப சாஞ்ச பலாவும் முந்திரியும் எத்தன வருஷத்து மரம், அத இங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

அப்பா காண்ட்ராக்ட்டுன்னு சொன்ன பையன் பேனல் மாட்டுறவன்கிட்ட கேட்டான், "அண்ணா, ஒரு வூட்டுக்கு மாட்ட எத்தன நாள்?" ரெண்டு நாளு, மூணு பேரு. "அப்பறம்?" அப்பறம் தொடைக்கணும், வூட்டுக்காரங்களே தொடைச்சுக்குவாங்க. "அப்ப இருபத்தஞ்சு வருஷத்துக்கு ரெண்டு நாளு வேலையா?" அடுத்த வூடு, அடுத்த தெருன்னு போயிக்கிட்டே இருப்போம் தம்பின்னு சமாளிச்சான், ஆனா அவனுக்கே மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. டீசல் பையனுக்கு வேற கவலை, சில்வர் பீச்சுல இவ்ளோ காத்தடிக்குதே ஏன் ஒரு காத்தாடி கூட இல்லன்னு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்குற கணவாய் வழியா தென்மேற்குக் காத்து நெருக்கிக்கிட்டு வரும், அங்க மாசக்கணக்குல ஒரே தெசைல வேகமா அடிக்கும், நம்ம காத்து காலைல ஒரு பக்கம் சாயங்காலம் ஒரு பக்கம்னேன். "அது எங்களுக்கே தெரியும் மிஸ், அத வச்சுத்தான் கடலுக்குப் போறோம்." சரிடாப்பா.

ஆரோவில் சோலார் கிச்சனையும் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க, மொட்டைமாடில 15 மீட்டர் அகலத்துக்கு கண்ணாடிக் கிண்ணம், கிண்ணம் அசையாது, வெயில் குவியுற எடத்துல இருக்குற குழாய்தான் சூரியனோட கூடவே நகரும், அந்த நீராவில சமையல். பட்ஜெட் இடிச்சுது, வீடியோ போட்டுக் காமிச்சேன். பரங்கிப்பேட்டை பக்கத்துல வெளிநாட்டு நிலக்கரில ஓடுற 1200 மெகாவாட் பிளாண்ட்டுக்கும் போகல.

நவம்பர்ல ஸ்கூல்லயே கண்காட்சி வச்சோம். மழை. பேரன்ட்ஸ் வருவாங்களான்னு சந்தேகம்தான். தெர்மாகோல்ல சுரங்கத்துல மண்ண வாருற பக்கெட் வீல் மெஷினு ஒன்னு, வரட்டி, சவுக்குக் கட்டை, முந்திரி ஓடு ஒரு தட்டுல (பக்கத்துல "தொடாதீர்கள்"னு அமைதியான பொண்ணோட கையெழுத்து), 268 கிராம் கரி கட்டி, போர்டுல போட்ட அந்த வட்டம். நடுவுல பெரிய சார்ட்டு, சுரங்கத்துக்குள்ள போன ஊருங்களோட பேரு. பசங்க அவங்கவங்க தாத்தா ஆயா கிட்ட கேட்டு எழுதுனது, மேப்புல தேடுனா கெடைக்காத பேருங்க.

சுரங்கத்துல காண்ட்ராக்ட்டு வேலை பாக்குற அந்த அப்பா வந்தாரு. நைட் ஷிப்ட்டு முடிச்சுட்டு நேரா பஸ் ஏறி வந்திருக்காரு, கண்ணு செவந்து கெடக்கு, ஹெல்மெட் வார் தாடைல பதிஞ்ச கோடு இன்னும் போகல. மொதல்ல மெஷினப் பாத்தாரு. "நல்லாத்தான் பண்ணிருக்கீங்க மிஸ், ஆனா பக்கெட்டு பல்லு திரும்பி இருக்கு, இப்படி சுத்துனா மண்ணு வாராது, தள்ளிக்கிட்டுதான் போவும்"னு அவரே ஒவ்வொன்னா பிச்சு பெவிகால் தடவி மாத்தி ஒட்டுனாரு. அரை மணி நேரம். பசங்க சுத்தி நின்னு பாத்தாங்க, அவரு பையன் பசையப் புடிச்சுக்கிட்டு நின்னான், பெருமைல காது செவந்துடுச்சு.

அப்பறம் சார்ட்டுக்கு முன்னாடி வந்து நின்னாரு. மேலேருந்து கீழ வெரல வச்சுப் படிச்சாரு. திரும்ப மேலேருந்து. பேனா கேட்டாரு. கடைசில இடம் இருந்துச்சு, அங்க ஒரு பேர எழுத ஆரம்பிச்சு நடுவுல நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. பேர நான் இங்க போடல, அவரைக் கண்டுபிடிச்சுடுவாங்க.

"இது ரெண்டு சுழியா மூணு சுழியா மிஸ்?"

எனக்கு எப்படித் தெரியும், அந்த ஊரு பேரையே அன்னிக்குத்தான் கேக்குறேன். "சின்ன வயசுல பஸ் ஸ்டாப்பு போர்டுல பாத்தது. இப்ப போயி பாக்கலாம்னா போர்டு இல்லியே"ன்னு சிரிச்சாரு. ரெண்டு சுழி போட்டு முடிச்சுட்டு, பையன் தலையத் தடவிட்டு, தூங்கணும்னு கெளம்பிட்டாரு.

மறுநாள் பையன் அவங்க ஆயாவோட பழைய ரேஷன் கார்டக் கொண்டு வந்தான். கிழிஞ்சு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருந்துச்சு. அட்ரஸ்ல அந்தப் பேரு இருந்துச்சு, மூணு சுழி. ஸ்கெட்ச் பேனா எடுத்து ஒரு சுழி சேத்தான்.